ஏழாம் தேதிக்கு வைத்த அலாரம்

நவம்பர் 19, செவ்வாய்

பால் மறுபடியும் பொங்கி வழிந்தது. அடுப்புக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன், கையில் புத்தகத்தோடு. தீய்ந்த வாடை வந்த பிறகும், யார் வீட்டில் இப்படிக் கருகவிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

காலை ஏழு மணிக்கு இந்த வீட்டில் ஒரு போன் அடிக்கும். உறையூரிலிருந்து அம்மா. கேள்விகள் மாறவே மாறாது. கேஸை அணைத்தாயா, மோட்டாரை நிறுத்தினாயா, சாவி எங்கே, கண்ணாடி எங்கே, சாப்பிட்டாயா. சாவிக்கு வருவதற்குள் எனக்கு எரிச்சல் வந்துவிடும். இருபத்தொன்பது வயதுப் பெண்ணிடம் கேட்கிற கேள்விகளா இவை? போன தை மாதத்தோடு அந்த போன் நின்றது.

கதிரேசன் ஓசூரில் இருக்கிறார். கம்பெனி வேலை. வீட்டுக்காரர் எங்கே என்று கீழ்வீட்டு அக்கா கேட்டபோது அப்படித்தான் சொன்னேன். தலையணையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வேறு தலையணையில் அவருக்குத் தூக்கம் வராது.

மாலையில் டாக்டர் ஜெசிந்தாவைப் பார்த்தேன். மனநல மருத்துவர். போன மாதம் எங்கள் பதிப்பகத்துக்கு ஒரு சிறு வெளியீடு மெய்ப்புப் பார்க்க வந்தது, பெரியவர்களுக்கு இருக்கும் ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாடு பற்றி. பிழை திருத்த உட்கார்ந்தவள் ஒரு பிழையையும் பார்க்காமல் முழுவதையும் படித்து முடித்தேன். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்துத்தான் வேலையைச் செய்தேன். அந்தக் கட்டுரையில் இருந்த பெண்ணுக்குப் பெயர் இல்லை. எனக்கு அவளை நன்றாகத் தெரியும்.

பஸ்ஸிலிருந்து இறங்க மறந்து, திரும்பி வந்து, தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு இங்கே இது பழக்கம்மா என்றார்.

நவம்பர் 22, வெள்ளி

தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுக்கச் சொல்லியிருந்தார். கொடுத்துவிட்டேன். குடையை அங்கேயே விட்டுவிட்டேன்.

நவம்பர் 27, புதன்

ரத்தத்தில் கோளாறு இல்லை.

மூன்று வகை என்றார் டாக்டர். முதல் வகையில் கவனம் நிற்காது. ஆள் அமைதியாக உட்கார்ந்திருப்பார், உள்ளே ஏழெட்டு ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாம் வகையில் உடம்பு நிற்காது. துறுதுறுப்பு, அவசரம், யோசிப்பதற்கு முன்பே வந்து விழும் வார்த்தை. மூன்றாவது இரண்டும் கலந்தது. பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்தது இல்லை, வயது ஏற ஏற ஒன்றின் சாயல் குறைந்து இன்னொன்று தூக்கலாகத் தெரியலாம் என்றார். முதல் வகைப் பெண்களை யாரும் கண்டுகொள்வதில்லையாம். வகுப்பில் தொந்தரவு செய்யாத பிள்ளையை எந்த டீச்சர் கவனிப்பார்? கனவு காண்பவள், சோம்பேறி, அலட்சியம் பிடித்தவள் என்று ஒவ்வொரு வயதில் ஒவ்வொரு பெயர் கிடைக்கும். எல்லாப் பெயரும் எனக்குக் கிடைத்திருக்கிறது. கடைசிப் பெயரை வைத்தது கதிரேசன்.

ஆனால் இப்போதே எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். துக்கமும் மனிதரை இப்படி ஆக்கும். அம்மா போன பிறகு வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்று தெரிய வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன் என்னைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் வந்து பேசினால் நல்லது.

"அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுவேன், வழக்கமா" என்று ஆரம்பித்துவிட்டு, டாக்டர் பேனாவைப் பார்த்தார்.

டிசம்பர் 1, ஞாயிறு

கும்பகோணத்துக்குப் போன் செய்து சித்தியைக் கேட்டேன். அம்மாவின் ஒரே தங்கை. அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டதால், ஆறாம் வகுப்பு வரை நானும் அம்மாவும் சித்தி வீட்டில்தான் இருந்தோம். உடனே வருகிறேன் என்றாள். கூடவே, தையில அம்மாவுக்கு வருஷத் திதி வருது சாரு, நான் உனக்கு முன்கூட்டியே சொல்றேன் என்றாள்.

வேண்டாம் என்றேன். கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னேன்போல இருக்கிறது. "இதையாவது நானே ஞாபகம் வச்சுப் பண்றேன் சித்தி. யாரும் எனக்குச் சொல்லக்கூடாது. நீயும் சொல்லாதே."

சித்தி, "சரிடி. சொல்லல" என்றாள்.

மற்றதெல்லாம் போகட்டும். கதிரேசனின் அண்ணி கைக்கு வளையல் வாங்கிக்கொண்டு போனவள், பெட்டியை ஷேர் ஆட்டோவிலேயே விட்டுவிட்டு வளைகாப்பு மண்டபத்தில் வெறுங்கையோடு போய் நின்றேன். அத்தனை பேர் முன்னாலும் கதிரேசன் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அதிகம் பேசவும் இல்லை. அம்மாவின் நாளில் அப்படி நிற்கமாட்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

சித்தி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். டாக்டரைப் பார்க்கப் போகிறோம், கல்யாணத்துக்கு இல்லை என்றேன். உன் மானத்தைக் காப்பாத்த வேண்டாமா என்றாள்.

உள்ளே போன பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு டிபன் பாக்ஸை மட்டும் கொண்டுபோய்ப் பையை வீட்டில் விட்டது, கடைக்குப் புளி வாங்க அனுப்பினால் வழியில் நூலகத்தில் உட்கார்ந்துகொண்டது, எல்லாம் வந்தன.

"ஒரு தரம் பரீட்சை எழுதிட்டு ஒத்தைச் செருப்போட வந்து நிக்கிறா டாக்டர். இன்னொண்ணு எங்கடின்னா, இருந்துச்சேங்கறா."

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு டாக்டர் கேட்டார்: இவ்வளவும் இருந்தும் இவங்க எப்படி நல்லாப் படிச்சாங்க?

"எங்க எங்கக்கா விட்டா? இவ படிக்க உக்காந்தா அவளும் பக்கத்துல உக்காந்துடுவா. கீரை ஆய்வா, பூக் கட்டுவா, ஒண்ணும் இல்லாட்டி சும்மா உக்காந்திருப்பா. ஒரு வார்த்தை பேசமாட்டா. அவ எந்திரிச்சா இதுவும் எந்திரிச்சிரும். எங்கக்காவுக்கு மூட்டு வலியே அப்படித் தரையில உக்காந்து வந்ததுதான்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பக்கத்தில் ஒருவர் சும்மா இருப்பதே இந்த மாதிரி ஆட்களுக்குப் பெரிய உதவி, இப்போது அதற்குத் தனியாகப் பேர் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம், இவங்க அம்மா யாரும் சொல்லாமலே செஞ்சிருக்காங்க என்றார்.

எனக்கு முதல் வகை. உறுதி.

வெளியே வந்து சித்திக்குக் காபி வாங்கிக்கொடுத்தேன். சித்தியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான், அவள் கொண்டுவந்த முறுக்கு டப்பாவைக் காபிக் கடையிலேயே விட்டது தெரிந்தது.

டிசம்பர் 23, திங்கள்

மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. பசி குறைந்திருக்கிறது. ரேடியோக்களில் சில நின்றிருக்கின்றன. மாத்திரை கண்ணாடி மாதிரி, பார்க்க உதவும், எதைப் பார்க்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது என்றார் டாக்டர். மறக்கக்கூடாதவற்றைத் தலையில் வைத்துக்கொள்ளாமல் வெளியே வைக்கப் பழகச் சொன்னார்.

அதன்படி எல்லாவற்றுக்கும் போனில் அலாரம் வைத்தேன். கேஸுக்கு, மோட்டாருக்கு, மாத்திரைக்கு. எல்லாவற்றுக்கும் முதலில் பிப்ரவரி ஏழுக்கு ஒன்று வைத்தேன். பெயர்: அம்மா. இறப்புச் சான்றிதழில் தொடங்கி எத்தனையோ விண்ணப்பங்களில் அந்தத் தேதியை எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. யோசிக்கவே தேவையிருக்கவில்லை. வைத்து முடித்ததும் மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

ஜனவரி 5, ஞாயிறு

டாக்டரின் கிளினிக் மாடியில் ஞாயிறுதோறும் எங்களைப் போன்றவர்கள் கூடுகிறார்கள். முதல் முறை போனேன். பின்வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து யாரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பிரார்த்தித்தேன். பாலக்கரையில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் முபாரக் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அவருக்கு இரண்டாம் வகை.

"உங்களுக்கு உள்ளுக்குள்ள ஓடுது தங்கச்சி, எனக்கு வெளிய ஓடுது. மத்தபடி ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்றார். தனக்கு நான்கு பிள்ளைகள் என்று அவர் மனைவி சொல்லிக்கொள்கிறாராம். பிறந்தது மூன்றுதான்.

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவருக்கு ஒருவர் துணை. செய்யப் பிடிக்காத வேலையைச் செய்யும்போது துணைக்குப் போன் போட்டு, பேசாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் அவருக்குப் போன் போட்டுவிட்டு, ஒரு மாதமாக நாற்காலியில் குவிந்துகிடந்த துணியை மடித்தேன். அந்தப் பக்கம் அண்டா மூடும் சத்தம், வெங்காயம் நறுக்கும் சத்தம். முடித்துவிட்டேன் அண்ணே என்றேன். எதை என்றார்.

மடித்த துணியில் கதிரேசனின் சட்டை ஒன்று இருந்தது. அலமாரியில் தனியாக வைத்திருக்கிறேன். கேட்டால் கொடுக்கலாம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வைக்கவில்லை. துக்க வருஷம். பால் மட்டும் காய்ச்சினேன், பொங்கவிடாமல்.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம். தெருமுனையில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். கூட்டத்துக்குச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். இன்று முதல் முறையாகப் பேசினேன். அம்மாவின் காலை நேரக் கேள்விகளைப் பற்றிச் சொன்னேன். முபாரக் அண்ணன் மேசையில் தாளம் போடுவதை நிறுத்திவிட்டார். அவர் தாளத்தை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்கள்.

வீடு திரும்பினால் மாடிப்படிக் கதவில் ஒரு மஞ்சள் பை. வாழையிலையில் சுற்றி உளுந்து வடை, எள்ளுருண்டை, இரண்டு பழம். கீழ்வீட்டு அக்கா எதையாவது இப்படி மாட்டிவிட்டுப் போவது வழக்கம். கதவைத் திறந்தவள் படியிலேயே உட்கார்ந்து, பையிலிருந்த புத்தகத்தை விரித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டேன். மாத்திரை ஆரம்பித்த பிறகு இவ்வளவு பசித்ததே இல்லை. வடையில் மிளகு தூக்கல், அம்மா போடுவதுபோல. அக்காவிடம் சொல்ல வேண்டும்.

கூட்டத்துக்காகப் போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். கதிரேசன் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். விவாகரத்து வக்கீல் விஷயமாகத்தான் இருக்கும். இன்று நல்ல நாள், அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்குக் கூப்பிடலாம்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். என் நாள் இனிமேல்தான் வருகிறது.

சித்தி கூப்பிட்டாள். மழை பற்றியும் பக்கத்து வீட்டு மாடு பற்றியும் பேசினாள். என்னவோ கேட்க வந்து கேட்காமல் வைத்த மாதிரி இருந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

முன்கூட்டியே சொல்லிவைப்பதற்காக அம்மா மண்டபத்து ஐயருக்குப் போன் செய்தேன். அம்மாவின் காரியங்களைச் செய்துவைத்தவர். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லாததால் கதிரேசன்தான் கொள்ளி வைத்தார். ஐயரிடம் அந்த நாளை உறுதிசெய்துகொண்டு கதிரேசனுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். எப்படிப் பேச வேண்டும் என்றுகூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமைக்கு வரலாமா என்றேன். ஐயருக்குப் புரியவில்லை.

"சகுந்தலா அம்மாளுக்குத்தானே? தை தேய்பிறை துவாதசி. அது போன மாசம் இருபத்தாறாம் தேதியே ஆயிடுத்தேம்மா. ஒங்காத்துக்காரர் வந்து நன்னாப் பண்ணிட்டுப் போனாரே. நீங்க வரலையான்னு கேட்டேன். ஒடம்பு சரியில்லேன்னார்."

திதி ஆங்கிலத் தேதியில் வராது. எனக்குத் தெரியாத விஷயமா இது? போன வருஷம்தான் ஆறாம் வகுப்புப் புத்தகம் ஒன்றின் மெய்ப்பில், வளர்பிறையும் தேய்பிறையும் ஆங்கிலத் தேதிகளோடு ஏன் ஒத்துப்போவதில்லை என்ற பாடத்தில் இரண்டு பிழை திருத்தினேன். தெரியும். அலாரம் வைத்த கைக்குத் தெரியவில்லை.

சித்திக்குப் போன் செய்தேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"நீ பண்ணியிருப்பேன்னுதான்டி நினைச்சேன். நான் இங்க இலை போட்டு, காக்காவுக்கு வச்சுட்டு, உன் போனுக்குக் காத்துக்கிட்டிருந்தேன். அமாவாசை அன்னைக்குக் கேட்டுடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லாதேன்னு சொன்னியேன்னு விட்டுட்டேன்."

போனை வைத்த பிறகு வெகு நேரம் கழித்துத்தான் மஞ்சள் பை ஞாபகம் வந்தது. கீழே போய் அக்காவிடம் கேட்டேன். நான் எதுவும் மாட்டலையேம்மா, உங்க வீட்டுக்காரர்தான் அன்னைக்கு வேட்டியோட வந்து கொஞ்ச நேரம் படியில உக்காந்திருந்தார், ஓசூர்லேர்ந்து வந்திருக்கார்போலன்னு நினைச்சேன் என்றாள்.

நான் உட்கார்ந்து சாப்பிட்ட அதே படி.

எள்ளுருண்டை. என் வாயில் எள் இருந்தது. அப்போதும் தெரியவில்லை.

பிப்ரவரி 5, புதன்

வேலைக்குப் போகவில்லை. முபாரக் அண்ணனுக்குப் போன் போட்டு, ஒரு போன் செய்ய வேண்டும், செய்ய முடியவில்லை என்றேன். என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. பேசிட்டு என்னைக் கூப்பிடும்மா, அதுவரைக்கும் நான் போனைக் கையிலயே வச்சிருக்கேன் என்றார். அந்த மனிதரால் ஒரு பொருளை இரண்டு நிமிடம் கையில் வைத்திருக்க முடியாது.

கதிரேசன் முதல் மணியிலேயே எடுத்தார்.

"பை நீங்க மாட்டினதா?"

"ம். எங்கம்மா லால்குடியிலேர்ந்து செஞ்சு குடுத்தாங்க. அத்தை போடற மாதிரி மிளகு போடச் சொன்னேன்."

"சாப்பிட்டேன்."

"சரி."

பிறகு சொன்னேன். "அலாரம் வச்சிருந்தேன் கதிர். ஏழாம் தேதிக்கு."

அவர் பக்கம் ஒரு லாரி போகிற சத்தம். அது போய் முடிந்தது. "ஏழாம் தேதிக்கா?" என்றார். "திதிக்கா?" அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரித்தான் ஆரம்பித்தது. "நீ வரவேண்டாம்னு இருக்கேன்னு நினைச்சேன். என் முகத்தைப் பாக்கப் பிடிக்காமதான் போனை எடுக்கலன்னு நினைச்சேன்."

டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வகையும், என் வகையும், சித்தி வந்து ஒத்தைச் செருப்பைப் பற்றிப் பேசியதும். குறுக்கிடாமல் கேட்டார். வளையல் பெட்டியைப் பற்றி நான் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார், அப்ப அந்த வளையல் பெட்டியும் இதுதானா என்று.

"இதுக்கு ஒரு பேர் இருக்குன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா" என்றார். நான் மீதிக்காகக் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்கு வராது. காத்திருந்தேன்.

"தெரியல சாரு. தெரிஞ்சிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்னு தெரியல. நான் ரொம்ப அலுத்துட்டேன். உன்மேல கோபம்கூட இல்ல இப்ப. அதான் பயமா இருக்கு."

சரி என்றேன்.

"பதினெட்டாம் தேதி வக்கீல் ஆபீசுக்கு வரணும். நான் காலையில போன் பண்ணி ஞாபகப்படுத்தறேன்."

அதற்கும் சரி என்றேன். வைக்கப் போனவர் வைக்கவில்லை. "அத்தைக்கு அடுத்த வருஷமும் நான்தான் பண்ணணும். வருவேன். அது வேற" என்றார்.

முபாரக் அண்ணனைக் கூப்பிட மறக்கவில்லை. பேசிட்டியாம்மா என்றார். பேசிட்டேன் அண்ணே என்றேன். அதற்குப் பிறகு நான் அழுததை அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் அண்டா சத்தம் இல்லை. எழுந்து வேறெங்கோ தள்ளிப் போயிருக்க வேண்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

அலாரம் அடித்தது. திரையில் அம்மா என்று வந்தது. அம்மா போன் செய்யும்போதும் இதே எழுத்துதான் வரும். அடிக்கட்டும் என்று விட்டேன்.

அது ஓய்ந்த பிறகு சித்தியைக் கூப்பிட்டேன். அடுத்த வருஷம் திதி என்னைக்குன்னு நீதான் எனக்குச் சொல்லணும் சித்தி என்றேன். ஒரு தடவை இல்லை, நான் எரிந்து விழுந்தாலும் மறுபடி மறுபடி சொல்லணும். சித்தி மூக்கை உறிஞ்சினாள். "காலையில போன் பண்ணவா?" என்று கேட்டாள். "எங்கக்கா மாதிரி?"

வேண்டாம் என்று வாய் வரை வந்தது. பண்ணு சித்தி என்றேன்.

குளித்துவிட்டு அம்மா மண்டபத்துக்குக் கிளம்பினேன். இன்று அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை என்று தெரியும். படிக்கட்டில் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். அறிமுகமில்லாத ஐயர் ஒருவர் யாருக்கும்மா என்று கேட்டார். யாருக்கும் இல்லை, சும்மாதான் என்றேன். அவர் தள்ளிப் போய் வேறு ஒருவருக்கு எள்ளும் அரிசியும் எடுத்துவைத்தார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்வதுபோலத் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். புத்தகம் எடுத்துப் போகவில்லை.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். காலையில் கிளம்பும்போது பாதிப் படி இறங்கியவள், கேஸை அணைத்தோமா என்று நின்றேன். திரும்ப ஏறிப்போய்ப் பார்த்தேன். அணைத்திருந்தேன். மோட்டாரையும் நிறுத்தியிருந்தேன். சாவி கையில், கண்ணாடி முகத்தில்.

எல்லாம் சரியாக இருந்தது. போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையிலேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.